கார்பெட் துரையின் லேசான துப்பாக்கி

(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு)

ஜிம் கார்பெட் என்ற பெயரை நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் படித்திருப்போம். உத்தராகண்டில் உள்ள தேசியப் பூங்கா, ஒரு மதிப்பெண், அத்தோடு சரி. அவர் எழுதிய குமாயூன் புத்தகத்தைத் தமிழில் படித்தவர்கள் புலிக்கதையாகப் படித்திருப்பார்கள். செங்கல்பட்டில் பழைய புத்தகமாக வாங்கி நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் போகப் போக, புலியை விட அவர் கையில் இருந்த துப்பாக்கியின் எடைதான் என் கண்ணில் பட்டது. மெக்கானிக்கல் எடுத்த புத்தி அப்படி! அதனால் அவர் வாழ்க்கையை அவர் தூக்கிய துப்பாக்கிகளை வைத்தே சொல்லப் போகிறேன்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை கிடையாது. கார்பெட் காலம் வேறு. அவர் தேடிப்போனதும் பெரும்பாலும் ஆட்கொல்லிகளைத்தான்.

1875 ஜூலை 25ஆம் தேதி நைனிதாலில் பிறந்தார். அப்பா போஸ்ட் மாஸ்டர். கார்பெட்டுக்கு ஆறு வயது முடிவதற்குள் 1881ல் அப்பா இறந்துவிட்டார். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் அடிவாரத்தில் காலாதுங்கி என்று அம்மா குடும்பத்தை ஓட்டினார். பையன் காலாதுங்கிக் காட்டிலேயே கிடந்தான்.

அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியைக் கேளுங்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல். யாரோ அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டதில் வலது குழல் ஆறு அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. அதே வெடிப்பில் மரக்கட்டையும் உடைந்துபோய், பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டையையும் குழலையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தார்கள். எட்டு வயதுப் பையன் அந்த இடது குழலை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போனான்.

கட்டை என்றால் கைப்பிடிதானே, கம்பி சுற்றினால் என்ன என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. குண்டு வெளியே போகிற நேரத்தில் குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்தில் விழும். அதைத் தாங்குகிற கட்டை நெகிழ்ந்தாலோ, ஈரத்தில் ஊதி ஒரு பக்கமாகக் குழலை நெட்டினாலோ, போன வாரம் சரியாகச் சுட்ட துப்பாக்கி இந்த வாரம் வேறு எங்கேயோ சுடும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு பிடித்துக்கொள்கிறதே, அதே சங்கதிதான். கட்டைக்கு விறைப்பு வேண்டும்.

விறைப்பு வேண்டுமென்றால் இரும்பில் செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வருகிறது. வால்நட் மரத்தின் விறைப்பு எஃகில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. அடர்த்தியோ பதின்மூன்றில் ஒரு பங்கு. அதாவது எடைக்கு எடை பார்த்தால் மரம் எஃகுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதே எடையில் மரத்தை நல்ல பருமனாகச் செய்யலாம். பருமன் கூடினால் வளையாமல் நிற்கும் சக்தி பல மடங்கு கூடும். அதனால்தான் நானூறு வருஷமாகத் துப்பாக்கிக்கு மரக்கட்டை.

எங்கள் வீட்டில் இது கடலோடு வந்த பாடம். அப்பா சதுரங்கப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். போட் நெகிழ ஆரம்பித்தால் தகட்டை மேலே மேலே தடிப்பாக்க மாட்டார். உள்ளே ஒரு விலா எலும்பு மாதிரி வைத்து, மேலே ஃபைபர் மேட்டும் ரெசினும் ஒட்டுவார். எடை கொஞ்சம்தான் ஏறும், போட் விறைத்துக்கொள்ளும். அவர் ஐந்தாவது தாண்டவில்லை. எங்கள் வீட்டில் டிப்ளமா வரைக்கும் வந்த முதல் ஆள் நான். மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று எங்கள் சார் போர்டில் எழுதியபோது, இது அப்பா வேலைதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வெளிநாட்டில் லேசான வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கட்டை செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஃபைபர் அல்லது கார்பன் இழையில் மெல்லிய ஓடு, உள்ளே நுரை. ஒரு கிலோ இருக்கும் மரக்கட்டை பாதி எடைக்கு வந்துவிடுகிறது. ஈரமும் ஏறாது.

சரி, கார்பெட்டுக்கு வருவோம். மேலே படிக்கக் காசில்லை. நம் வயதில் ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டராகத் தற்காலிக வேலைக்குப் போனார். அந்தக் காலத்து எரிபொருள் என்றால் காட்டு விறகு. பிறகு கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில், அகலப்பாதை வண்டிக்கும் மீட்டர்கேஜ் வண்டிக்கும் நடுவே சரக்கு மாற்றும் காண்டிராக்ட். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே. துரை என்றாலும் கூலி ஆட்களோடு நின்று வேலை பார்த்தவர். இந்தப் பகுதி தனியாக எழுத வேண்டியது.

1907ல் லீவில் வந்திருந்தபோது சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாயூனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றது என்று கணக்கு. கார்பெட் கையில் ஒரு கனமான இரட்டைக் குழல் ரைஃபிள், மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்தது, புலி அடிபட்டும் விழவில்லை. ஓடிப்போய்க் கூட வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். குழலுக்கும் பின் கட்டைக்கும் நடுவே முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்கும் மேலே இடைவெளி! நம் ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு ஃபிட்டிங் கொடுத்தால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. பக்கத்தில் போய்ச் சுட்டார். வாயைக் குறி வைத்தது முன்னங்காலில் பட்டது. நல்ல வேளை, முதலில் பட்ட குண்டுகளே புலியை முடித்திருந்தன.

பிறகு நைனிதால் தர்பாரில் மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹூவெட் அந்தத் தாசில்தாருக்கு ஒரு புதுத் துப்பாக்கி பரிசளித்தார். (அவருக்கு அது அவசியம்தான்!) கார்பெட்டுக்குக் கிடைத்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். ஜெர்மன் மௌசர் மெக்கானிசம், 7 மில்லிமீட்டர் தோட்டா, வால்நட் கட்டை, அதில் வெள்ளித் தகடு. இந்த ரகம் ஏறத்தாழ மூன்றரை கிலோவுக்குள். அவர் வைத்திருந்த .450/400 இரட்டைக் குழலோ ஐந்து கிலோவை நெருங்கும் ரகம். புலிக்கு அதுதான் சரி என்பார்கள். .275 மானுக்கு என்றே பலர் நினைத்தார்கள்.

லேசாக்குவது சும்மா காரியம் இல்லை. குழலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடைந்து எடுத்தால் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குறையும். ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகிறது, மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று தெரிந்தவன்தான் நல்ல துப்பாக்கிக் கொல்லன்.

இப்போது 1930 ஏப்ரல் 11. சௌகர் பெண்புலி 64 பேரைக் கொன்றிருந்தது. முந்தின வருஷம் தாய் என்று நினைத்து அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டுவிட்டார் கார்பெட். தாய் தப்பிவிட்டது. ஒரு வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. அன்று ஓடைப் பள்ளத்தில் இரண்டு ஆட்களோடு இறங்கும்போது பாறையில் பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகள் இருந்தன. அவருக்கு முட்டை சேர்க்கும் பழக்கம். பாசியில் பொதிந்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வலது கையில் .275. பெரிய பலகைப் பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பினால் எட்டடியில் புலி, பாய்வதற்குப் பதுங்கியபடி நேராக அவர் கண்ணைப் பார்க்கிறது.

துப்பாக்கி மார்புக்குக் குறுக்கே இருக்கிறது. குழல் முனை புலிக்கு வர வேண்டுமென்றால் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். ஒரே கையில். வேகமாக அசைத்தால் புலி பாயும். மெல்ல, மெல்ல நகர்த்தினார். கால் வட்டத்தில் கட்டை விலாவில் இடித்தது. கையை நீட்டினால்தான் மேலே போகும். கை முழுசாக நீண்ட இடத்தில் பாரம் தெரிய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்... குதிரையை அழுத்தினார். குண்டு முதுகெலும்பையும் இதயத்தின் மேல்பாகத்தையும் உடைத்தது. புலி தலையை முன்னங்கால் மேல் வைத்து அடங்கிவிட்டது.

இதைப் படித்த பிறகு என்சிசி டிரில்லில் எங்கள் த்ரீ நாட் த்ரீயை ஒரு கையால் நீட்டிப் பிடித்துப் பார்த்தோம். அது நாலு கிலோ. யாரும் அரை நிமிஷம் தாண்டவில்லை. கணக்கும் போட்டேன். பிடியிலிருந்து பாரமையம் முப்பது சென்டிமீட்டர் முன்னால், தோளிலிருந்து தொண்ணூறு என்று வையுங்கள். 3.4 கிலோவுக்குத் தோளில் 30 நியூட்டன் மீட்டர் மொமென்ட். ஐந்து கிலோவுக்கு 44. மணிக்கட்டில் 10க்குப் பதில் 15. நின்ற இடத்தில் தூக்குவதே இப்படி. இதை ஆடாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும், எதிரே புலி.

இன்னொரு பக்கமும் உண்டு. லேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும். இந்த ரகத் தோட்டாவில் 9 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் என்று எடுத்தால், 3.4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 2.1 மீட்டரில் பின்னால் வரும். வெடிமருந்து வாயுவைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஐந்து கிலோ துப்பாக்கியில் அதே தோட்டா போட்டால் 1.4தான். கார்பெட் தோளில் கூட வைக்காமல் நீட்டிய கையில் அதை வாங்கினார். கனமான துப்பாக்கியின் பெரிய தோட்டாவாக இருந்தால் உதையும் அந்த அளவுக்கு இருந்திருக்கும்.

கார்பெட்டே இதை யோசித்து எழுதியிருக்கிறார். கையில் முட்டை இருந்தது, துப்பாக்கி லேசானது, எதிரே இருந்தது ஆட்கொல்லி. முதலில் பாதகமாகத் தெரிந்த இந்த மூன்றும் சாதகமாக முடிந்தன என்கிறார். முட்டை இல்லாவிட்டால் இரண்டு கையாலும் சட்டென்று திரும்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். லேசான துப்பாக்கி இல்லாவிட்டால் அப்படி நகர்த்தவோ, நீட்டிய கையில் சுடவோ முடிந்திருக்காது. கதையாகச் சொன்னவர்கள் எல்லோரும் முட்டையைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அன்று ஆளைக் காப்பாற்றியது அந்த ஒன்றரை கிலோ வித்தியாசம்தான். முட்டைகளைச் சூடு ஆறுவதற்குள் திருப்பி வைத்துவிட்டார். அரை மணி கழித்துப் பார்த்தால் தாய்ப்பறவை மேலே உட்கார்ந்திருந்தது.

அதற்கு முன் 1926ல் ருத்ரபிரயாகையின் சிறுத்தை. பிறகு 1938ல் தக் கிராமத்துப் புலி, அதுதான் கடைசி ஆட்கொல்லி, அப்போது வயது 63. நடுவிலேயே மனசு மாறிக் கேமராவோடு காட்டில் உட்கார ஆரம்பித்தார். 1936ல் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்காவுக்குத்தான் பின்னால் அவர் பெயர் வந்தது. 1947ல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போனார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் இறந்தார்.

துப்பாக்கி அவருடைய புத்தகத்தைப் பதிப்பித்த ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்குப் போயிற்று. 2015ல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கியது. மறுவருஷம் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அவர் நடந்த ஊர்களில் மக்களுக்குக் காட்டினார்கள். ஹூவெட் கொடுத்த வெள்ளித் தகடு அந்த வால்நட் கட்டையில் அப்படியே இருந்தது.