கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்டவர்

பெரிய கட்டிடங்களில் மின்பலகையைச் சோதிக்க வரும் பணியாளர் சிலர் இக்காலத்தில் ஒரு சிறு கருவியைக் கையோடு கொண்டு வருகிறார்கள். பார்வைக்கு அது சாதாரணக் காமிரா போலவே இருக்கும். ஆனால் அதன் திரையில் தெரிவது நாம் கண்ணால் காணும் காட்சி அன்று. கம்பிகளெல்லாம் நீலமாகவும் ஊதாவாகவும் கிடக்க, நடுவே ஒரு திருகாணி மட்டும் மஞ்சளாய் ஜொலிக்கும். அந்தத் திருகாணி தளர்ந்து போயிருக்கிறது. அவ்விடத்தில் மின்சாரம் தடைபட்டு உஷ்ணம் உண்டாகிறது. கவனியாது விட்டால் என்றேனும் ஒரு நாள் தீப்பிடிக்கும். தெர்மல் காமிரா என்னும் இந்தக் கருவி எந்தக் கதிர்களைக் கொண்டு பார்க்கிறதோ, அந்த வகைக் கதிர்களை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலாத ஓர் இசைவாணர். அவருடைய வரலாற்றையே இங்கு நாம் காணப் போகிறோம்.

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார். தந்தை ஐசக், இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ என்னும் குழல் வாசித்து வந்தார். சம்பளம் சொற்பம், பிள்ளைகளோ பலர். மகனும் அதே குழுவில் சேர்ந்தார். 1757இல் போர் மூண்டு பிரெஞ்சுப் படை ஹானோவரைச் சூழ்ந்தபோது, பத்தொன்பது வயதும் நிறையாத அந்த இளைஞர் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இசைப்பிரதிகளை எழுதிக் கொடுத்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும் வயிறு வளர்த்தார். 1766இல் பாத் நகரத்து ஆக்டகன் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகே வாழ்க்கை நிலைபெற்றது.

ஹானோவரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். கரோலின் என்பது அவள் பெயர். பத்து வயதில் வந்த கடும் காய்ச்சலால் அவள் வளர்ச்சி நின்றுபோயிற்று. நாலேகால் அடிக்கு மேல் அவள் உயரவே இல்லை. இவளை மணக்க யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். அடுப்படி வேலைக்கு இருக்கட்டும், படிப்பு எதற்கு என்பது தாயாரின் எண்ணம். 1772இல் வில்லியம் நேரில் வந்து, தங்கைக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ளத் தாயாருக்குப் பணம் கொடுத்து அவளை அழைத்துச் சென்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே ஹெர்ஷலை நாம் நினைவில் வைக்கலாம். பாத் நகரில் கரோலின் பாட்டும் கணிதமும் கற்றார். நல்ல பாடகியாகப் பெயரும் பெற்றார்.

இதற்குள் அண்ணனுக்கு வானத்தின் மேல் ஆசை பிறந்துவிட்டது. நல்ல தொலைநோக்கிகளின் விலை அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே தாமே செய்யத் துணிந்தார். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, அந்த வட்டை நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றி ஆடியாக்க வேண்டும். மெருகிடும்போது கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் கையை எடுக்கவே இல்லை. கரோலின் அருகில் நின்று உணவை வாயில் ஊட்டினார். மற்றொரு முறை அச்சு விரிசல் கண்டு, உருகிய உலோகம் தரையில் வழிந்தது. கல்தளம் வெடித்துச் சிதற, அங்கிருந்தவர்கள் உயிர் தப்பினால் போதும் என்று ஓடினார்கள். வசிக்கும் வீட்டிலேயே உலையை வைத்திருந்தார்கள் என்பதை நம் வாசகியர் கவனிக்கவும்.

1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு, தாமே செய்த ஏழடித் தொலைநோக்கியில் அவர் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். முதலில் வால்நட்சத்திரம் என்றே எண்ணினார். அது சனிக்கும் அப்பாலுள்ள ஒரு கிரகம் என்று பின்னர் தெளிவாயிற்று. அதுவே யுரேனஸ். மறு ஆண்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் தந்து அவரைத் தம் வானியலாளராக்கினார். கரோலின் பாட்டை விட்டு, அண்ணனுடன் இரவெல்லாம் குளிரில் அமர்ந்து குறிப்பெழுதினார். 1787 முதல் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் அரச ஊதியம் கிடைத்தது. அவர் தாமே கண்டுபிடித்த வால்நட்சத்திரங்கள் எட்டு.

மன்னரின் பொருளுதவியால் 1789இல் ஸ்லோ என்னும் ஊரில் நாற்பதடி நீளமும் நான்கடி ஆடியும் கொண்ட மாபெரும் தொலைநோக்கி எழுந்தது. அதைப் பார்க்கப் பிரபுக்களும் அயல்நாட்டாரும் வந்தார்கள். ஆனால் அதைத் திருப்புவதே பெரும்பாடு. ஆடியும் அடிக்கடி மங்கிப்போயிற்று. ஹெர்ஷல் நாள்தோறும் கையாண்டது பழைய இருபதடிக் கருவியைத்தான். எது பெரிது என்று பாராமல், எது தம் வேலைக்கு உதவும் என்று பார்த்தவர் அவர்.

இனி 1800ஆம் ஆண்டுக்கு வருவோம். சூரியனைப் பெரிய தொலைநோக்கியில் நேரே பார்த்தால் கண் போய்விடும். ஆகவே ஹெர்ஷல் வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைக் கண்முன் வைத்துப் பார்த்தார். அப்போது ஒரு வினோதத்தை உணர்ந்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, ஆயினும் கண் சுட்டது. வேறு சிலவற்றில் வெளிச்சம் மிகுதி, சூடு இல்லை. நிறத்துக்கு நிறம் உஷ்ணம் வேறுபடுமோ என்ற ஐயம் எழுந்தது. வேறொருவராயிருந்தால் கண்ணாடியை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஹெர்ஷல் வெப்பமானிகளை எடுத்தார்.

ஜன்னலில் ஒரு முப்பட்டைக் கண்ணாடியைப் பொருத்தி, சூரிய ஒளியை வானவில் நிறங்களாக மேஜைமேல் விழச் செய்தார். வெப்பமானியின் குமிழுக்குக் கரிய மை பூசினார். பளபளப்பான குமிழ் வரும் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும், கரிய குமிழோ வாங்கிக்கொள்ளும். பிறகு செய்ததுதான் முக்கியம். ஒரு வெப்பமானியை ஒளியில் வைத்து, வேறு வெப்பமானிகளை ஒளி படாத பக்கத்தில் வைத்தார். அறையே சூடேறினால் பக்கத்தில் இருப்பவையும் ஏறும். ஒளியால் ஏறினால் ஒன்று மட்டும் ஏறும். ஊதாவில் 2 பாரன்ஹீட் டிகிரியும், பச்சையில் மூன்றேகாலும், சிவப்பில் ஏறக்குறைய ஏழும் உயர்ந்தன. அத்துடன் நிறுத்தாமல், சிவப்பு முடிந்த இடத்துக்கும் அப்பால் அரை அங்குலம் தள்ளி, வெறும் நிழலாகத் தெரிந்த இடத்தில் குமிழை வைத்தார். பத்து நிமிடத்தில் ஆறரை டிகிரி ஏறியது. பக்கத்தில் இருந்தவை அசையவில்லை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் ஏதோ ஒன்று வந்து விழுந்துகொண்டிருந்தது!

அதற்கு அகச்சிவப்பு என்ற பெயர் பின்னால் வந்தது. அக்காலத்தில் அதை எல்லாரும் ஏற்கவும் இல்லை. ஜான் லெஸ்லி என்ற அறிஞர் கடுமையாக மறுத்தார். ஹெர்ஷலும் தவறாதவர் அல்லர். ஒளியும் உஷ்ணக் கதிரும் ஒரே இனம் என்று முதலில் சரியாக எண்ணியவர், சில பொருள்கள் ஒளியை விடும் அளவுக்கு உஷ்ணத்தை விடுவதில்லை என்று கண்டதும், இரண்டும் வெவ்வேறு என்று அதே ஆண்டில் மாற்றிச் சொல்லிவிட்டார். சூரியனில் உயிர்கள் வாழ்கின்றன என்றும் நம்பினார். அவருடைய கருத்துகள் சில விழுந்துபோயின. அளந்து எழுதிய எண்கள் நிற்கின்றன.

1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25இல் ஹெர்ஷல் காலமானார். கரோலின் அம்மையார் ஹானோவர் திரும்பி, அண்ணனின் ஆராய்ச்சிப் பட்டியல்களைத் தம் முதிய வயதில் ஒழுங்கு செய்து கொடுத்தார். 1828இல் இராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்று, 1848இல், 97ஆம் வயதில் மறைந்தார். வில்லியமின் மகன் ஜான் 1840இல் புகைக்கரி பூசிய காகிதத்தைச் சாராயத்தில் நனைத்து, அதன்மேல் சூரிய நிறமாலையை விழச் செய்தார். உஷ்ணம் பட்ட இடங்கள் முந்திக் காய்ந்து ஒரு படமாயிற்று. தந்தை ஒவ்வொரு புள்ளியாக அளந்ததை மகன் படமாகவே பிடித்துவிட்டார். அந்தச் சேதி வரும்போது அத்தைக்கு வயது தொண்ணூறு.

பின்னர் 1880ஐ ஒட்டி அமெரிக்கரான லாங்லி, உஷ்ணம் பட்டால் மின்தடை மாறும் மெல்லிய பிளாட்டினத் தகடுகளைக் கொண்டு போலோமீட்டர் என்னும் கருவியைச் செய்தார. இன்றைய தெர்மல் காமிராக்கள் பெரும்பாலானவற்றில் அத்தகைய நுண்ணிய தகடுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. 160க்கு 120 என்று எழுதிய காமிராவில் 19,200 புள்ளிகள்; 320க்கு 240 என்பதில் 76,800. கைக்கெட்டும் மின்பலகைக்கு முதலாவது போதும். உயரத்தில் செல்லும் மின்கம்பியின் சிறு இணைப்பைத் தரையில் நின்று பார்ப்பவருக்கு அது போதாது. ஒரு புள்ளிக்குள் இணைப்பும் அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த வானமும் கலந்துபோய்ப் பொய்யான எண் கிடைக்கும். சுவரில் ஈரம் தேடுபவருக்கோ மிகச் சிறு வேறுபாட்டை உணரும் திறனே முதலாவது தேவை. ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கை உணரும் காமிராக்கள் உண்டு. விலை கூடியதை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு நாம் அந்த நாற்பதடித் தொலைநோக்கியை ஞாபகப்படுத்துவோம்.

வாங்கியபின் ஏமாறுவதும் எளிது. இந்தக் காமிரா சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை. சுவரின் மேற்பரப்புச் சூட்டை மட்டுமே அறிகிறது. சுவரில் குளிர்ந்து தெரியும் திட்டு ஈரமாயிருக்கலாம், வெறும் குளிர்காற்றாயும் இருக்கலாம். ஈரமானியை அழுத்திப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதும் இதற்குத் தெரியாது. ஹெர்ஷல் கண்ட கதிர்கள் சிவப்பை ஒட்டியவை, அவருடைய கண்ணாடியின் வழியே வந்தவை. நம் உடலும் சூடேறிய கம்பியும் விடுபவை பெரும்பாலும் சிவப்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீண்ட அலைகள்; அவற்றைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே ஜன்னலை நோக்கிக் காமிராவைப் பிடித்தவர் பெரும்பாலும் தம் உருவத்தையே அதில் காண்பார்.

மின்பலகையைப் பார்ப்பவர் மின்சாரம் நன்றாக ஓடும் வேளையில் பார்க்க வேண்டும். சுமை இல்லாத கம்பி எவ்வளவு தளர்ந்திருந்தாலும் சூடேறாது. ஒரே சுமையைத் தாங்கும் மூன்று பேஸ் இணைப்புகளை அருகருகே ஒப்பிட வேண்டும். இரண்டு ஒரே சூட்டில் இருக்க, ஒன்று மட்டும் ஏறியிருந்தால் அதில்தான் கோளாறு. ஹெர்ஷல் பக்கத்தில் வைத்த வெப்பமானிகள் செய்த வேலை இது.

மெருகிட்ட செப்புப் பட்டைதான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றுக்காரன். தொட்டால் கை வெந்துபோகும் சூட்டிலும் அது தன் கதிரை மிகச் சொற்பமாகவே விடும். எதிரே உள்ள சுவரின் கதிரையே பிரதிபலித்துக் குளிர்ந்தது போல நடிக்கும். அனுபவம் உள்ளவர், முன்னதாக மின்சாரத்தை நிறுத்திய வேளையில் பட்டைமேல் ஒரு துண்டு கரிய இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வைக்கிறார். பிறகு மின்சாரம் ஓடி, டேப்பும் பட்டையும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, தள்ளி நின்று அந்தக் கரிய துண்டின் மேல் காமிராவைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.