குருதி காத்த மருத்துவர் சார்லஸ் ட்ரூ

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டுவிழாவையொட்டிக் காலனிச் சமூகக் கூடத்தில் குருதிக்கொடை முகாம் நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அன்று நாமும் மேடையேறிச் சில சொற்கள் பேசினோம். இரத்தத்தைக் கெடாமல் சேமித்து வைக்கும் முறையை வகுத்த கறுப்பின மருத்துவர் சார்லஸ் ட்ரூ என்பவர் விபத்தில் அடிபட்டபோது, வெள்ளையர் மருத்துவமனை அவருக்கு இரத்தம் கொடுக்க மறுத்தது என்றும், அதனாலேயே அவர் உயிர் நீத்தார் என்றும் உருக்கமாக எடுத்துரைத்தோம். தாய்மார் சிலர் கண் கலங்கினர். முகாம் முடிந்தபின், சங்கத்தின் மூத்த உறுப்பினராகிய ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, அக்கதை உண்மையன்று என்றார். நமக்கு முகம் வாடிப்போயிற்று. எங்கோ படித்ததை ஆராயாமல் மேடையில் முழங்கிவிட்டோமே என்ற உறுத்தல் நெடுநாள் இருந்தது. இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகியவர்களாகிய நாம், பிழையான பதிவைக் கண்டால் சிவப்பு மையால் திருத்திக் கையொப்பமிடுவது வழக்கம். இக்கட்டுரையும் அத்தகைய ஒரு திருத்தமே.

சார்லஸ் ரிச்சர்டு ட்ரூ 1904ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் பிறந்தார். தந்தையார் வீடுகளில் கம்பளம் விரிக்கும் தொழிலாளி; தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஐந்து மக்களுள் சார்லஸே மூத்தவர். பன்னிரண்டு வயதில் தெருவில் செய்தித்தாள் விற்கத் தொடங்கிய சிறுவர், விரைவில் வேறு ஆறு சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு அத்தொழிலைப் பெருக்கினார் என்பர். பின்னாளில் ஒரு நகரத்து மருத்துவமனைகளையெல்லாம் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்து நடத்தியவரின் கைவண்ணம் அங்கேயே தெரிகிறது. 1920இல் அவர் தங்கை ஒருத்தி நோயுற்று மாண்டாள். மருத்துவத்தின்பால் அவர் உள்ளம் திரும்பியதற்கு அத்துயரமும் ஒரு காரணம்.

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் அவர் பெரும்புகழ் பெற்றது படிப்பிலன்று, விளையாட்டில். 1926இல் பட்டம் பெற்றபின் பால்ட்டிமோரில் ஈராண்டுகள் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். பிறகு மருத்துவக் கல்லூரி தேடினார். ஹார்வர்டு அடுத்த ஆண்டு வருமாறு கூறிற்று. கறுப்பினத்தாருக்கென்றே ஏற்பட்ட ஹவார்டு பல்கலைக்கழகமோ, ஆங்கிலப் பாடத்தில் இரண்டு மணிக்கணக்குக் குறைகிறது என்று விண்ணப்பத்தைத் தள்ளியது. விதிப்புத்தகம் இரயில்வே எழுத்தரை மட்டும் ஆட்டிவைப்பதன்று போலும்! இறுதியில் அவர் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரின் மக்கில் பல்கலைக்கழகம் சென்று, 1933இல் 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். அங்கே அவருக்குக் கற்பித்த ஜான் பீட்டி என்பவரே குருதி ஏற்றும் கலையில் அவருக்கு ஆர்வம் ஊட்டியவர்.

அக்காலத்தில் குருதி ஏற்றுவது எத்துணை அரிய செயல் என்பதை இன்றைய தலைமுறை உணர்வது கடினம். 1901இல் லேண்ட்ஸ்டைனர் குருதிப் பிரிவுகளைக் கண்டறிந்தார். அப்பிரிவுகள் எல்லா இனத்தாரிடத்தும் உண்டு. ஒரு வெள்ளையரின் குருதி மற்றொரு வெள்ளையருக்குச் சேராமல் போகலாம், ஒரு கறுப்பரின் குருதி அவருக்கே பொருந்தலாம். எனினும், எடுத்த குருதி சில நாள்களிலேயே கெட்டுவிடும். சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். ஒரு வாரத்துக்குமேல் அதனை நம்ப இயலாது. ஆதலால் கொடுப்பவரைப் பெறுபவரின் அருகிலேயே கிடத்த வேண்டிய நிலை பல இடங்களில் நிலவிற்று.

1938இல் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்ற ட்ரூ, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் சேர்ந்தார். வெள்ளை நோயாளிகளைக் கறுப்பின மருத்துவர் தொட்டுப் பார்ப்பதா என்ற தயக்கம் அங்கும் இருந்தது. எனவே ஜான் ஸ்கடர் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் அவரை இருத்தினர். நோயாளியிடமிருந்து விலக்கி வைக்கவே ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடமே அவரை உலகறியச் செய்தது. குருதி எதனால் கெடுகிறது, எந்தப் புட்டியில் எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் தாங்கும் என்பவற்றை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சேமித்த குருதி பற்றிய அவருடைய ஆய்வேடு 1940இல் ஏற்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டு பிறந்த தலைமகளுக்கு பீபீ என்று செல்லப்பெயரிட்டார். இரத்த வங்கி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை!

இரத்த வங்கியைத் தோற்றுவித்தவரே ட்ரூ என்று சிலர் எழுதுகின்றனர். அதுவும் மிகையே. முதல் உலகப் போரிலேயே ராபர்ட்சன் என்ற மருத்துவர் குருதியைச் சேமித்துப் பயன்படுத்தியுள்ளார். 1937இல் சிக்காகோவில் ஃபேன்டஸ் என்பார் வங்கி என்ற பெயரை வழங்கினார். ட்ரூவின் பெருமை, சிறு அளவில் நடந்ததைப் பேரளவில் பிழையின்றி நடத்திக் காட்டியதில் உள்ளது.

அதற்குரிய காலமும் வந்தது. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்தன. காயமுற்றோர்க்கு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா அனுப்ப முடிவாயிற்று. பிளாஸ்மா என்பது அணுக்களை நீக்கியபின் எஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்மம். அன்று அதனைப் பிரிவு பார்க்காமல் எவருக்கும் ஏற்றினர். குருதியைவிட நெடுநாள் தாங்கும். குருதி இழந்து அதிர்ச்சியுற்றவனுக்கு உடனடித் தேவை குழாய்களில் ஓட்டம். அதனை இது காக்கும். ஆனால் ஒரு புட்டியில் கிருமி புகுந்தாலும் கலந்த புட்டிகள் அனைத்தும் நஞ்சாகும். நியூயார்க்கின் பல மருத்துவமனைகள் தத்தம் வழியில் செய்துவந்த இப்பணியை ஒழுங்குபடுத்த ட்ரூவை அழைத்தனர். அவர் எல்லாருக்கும் ஒரே முறை, ஒரே கருவி, ஒரே சோதனை என்று வகுத்தார். 1941 ஜனவரியில் திட்டம் முடிவதற்குள் 14,500க்கு மேற்பட்டோர் குருதி ஈந்தனர். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மா கடல் கடந்தது. அடுத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உலர்ந்த பிளாஸ்மா முன்னோடித் திட்டத்திலும் பணியாற்றினார். இன்று நம் காலனி வாயிலில் வந்து நிற்கும் குருதிக்கொடை வண்டியின் மூதாதையும் அவர் அமைத்த வண்டிதான்.

இனி வருவது கசப்பான பகுதி. 1941 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கம் அமெரிக்கப் படைகளுக்கெனக் குருதி திரட்டுகையில், கறுப்பினத்தாரின் குருதியை ஏற்பதில்லை என்ற நிலையை மேற்கொண்டது. திட்டத்தை வகுத்தவரே கொடுக்க முன்வந்தாலும் வாங்கமாட்டார்கள் என்பது அதன் பொருள். எதிர்ப்பு வலுக்கவே, 1942 ஜனவரியில் ஏற்றுக்கொண்டனர்; ஆனால் தனியாகக் குறியிட்டுத் தனியாக வைத்தனர். அறிவியலில் இதற்கு ஆதாரமில்லை என்பதை அறிந்தே செய்தனர்; படைத்துறையின் விருப்பமும் வெள்ளையர் சிலரின் அருவருப்பும் ஆய்வுக்கூடத்தின் முடிவை வென்றன. போர் முடிவதற்குள் திரட்டிய குருதி 1 கோடியே 30 இலட்சம் பைண்டுக்கு மேல். அத்தனையிலும் இவ்வேறுபாடு நீடித்தது.

நம் நாட்டு இரயில் நிலையங்களின் பழங்கதை தெரிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று கூவித் தனித்தனிப் பானைகளிலிருந்து வழங்கினர். தென்னாட்டு நிலையங்களில் பிராமணருக்கும் மற்றையோருக்கும் வெவ்வேறு உணவறைகள் இருந்தன. கிணறு ஒன்றாயிருந்தும் பானை இரண்டு!

இதனைக் கண்டித்தே ட்ரூ பதவி துறந்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. கால வரிசை அதற்கு இடந்தரவில்லை. அவ்வாணைக்கு ஏழு மாதம் முன்னரே, 1941 ஏப்ரலில், ஹவார்டு பல்கலைக்கழகத்துக்கு அறுவை மருத்துவத் தலைவராகத் திரும்பிவிட்டார். ஆயினும் அவர் வாளாவிருந்தாரல்லர். இனம் பார்த்துக் குருதியைப் பிரிப்பதற்கு அறிவியல் அடிப்படை எதுவுமில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 1947இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழாசிரியருக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மருத்துவரைக் கழகக் கிளைகள் உறுப்பினராக்காமல் ஒதுக்குவதைச் சுட்டிக்காட்டினார். அக்கழகத்தில் அவர் கடைசிவரை உறுப்பினரல்லர். அது இக்குற்றத்துக்காக மன்னிப்புக் கோரியது 2008இல். உறுப்பினராவது சிறு சடங்கு என்று எண்ணற்க. அந்நாளில் உறுப்பினரல்லாதார்க்குப் பல மருத்துவமனைகளின் கதவு திறந்ததில்லை.

கதவு திறக்காத நாட்டில் அவர் செய்த பெரும்பணி, மாணவரை ஆக்கியதே. 1941 முதல் 1950 வரை அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பினத்தாருள் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்கள். பிளாஸ்மாவைவிட இதனையே தம் வாழ்வின் பயன் என அவர் மதித்தார் என்று நாம் கருதுகிறோம்.

1950 ஏப்ரல் 1. அலபாமா மாநிலத்து டஸ்கிகியில் ஆண்டுதோறும் நடைபெறும் இலவச மருத்துவ முகாமுக்கு ட்ரூவும் வேறு மூன்று கறுப்பின மருத்துவர்களும் காரில் புறப்பட்டனர். நாள் முழுதும் உழைத்துவிட்டு இரவெல்லாம் மாறிமாறி ஓட்டினர். காலையில் வட கரோலினாவில், ட்ரூ ஓட்டுகையில் கண்ணயர்ந்தார். கார் உருண்டது, அவர் மார்பு நசுங்கியது. பர்லிங்டன் நகரின் அலமான்ஸ் பொது மருத்துவமனையில் வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காக்க இயன்றதனைத்தும் செய்தனர். குருதியையோ மருத்துவத்தையோ மறுக்கவில்லை. காயம் எவராலும் மீட்கவியலாததாயிருந்தது. வயது 45. உடன் சென்ற ஜான் ஃபோர்டு என்ற மருத்துவர் இதனை வாழ்நாள் முழுதும் எடுத்துக் கூறினார். ட்ரூவின் குடும்பத்தார் அம்மருத்துவர்களுக்கு நன்றி மடலும் எழுதினர்.

அப்படியாயின் பொய்க்கதை எங்கிருந்து வந்தது? அதே ஆண்டு டிசம்பரில், அதே வட்டாரத்தில், கறுப்பின மாணவர் ஒருவர் கார் விபத்தில் சிக்கினார். அதே அலமான்ஸ் மருத்துவமனையிலிருந்து அவரை டியூக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினர். கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று அங்கே திருப்பிவிட்டனர். சற்று நேரத்தில் அவர் இறந்தார். அவர் பெயரை உலகம் அறியாது. ஊரார் நினைவில் அவருக்கு நேர்ந்ததும் ட்ரூவின் சாவும் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். நாம் மேடையில் சொன்னது பெரிதும் அம்மாணவரின் கதை.

செஞ்சிலுவைச் சங்கம் இனக்குறியிடுவதைக் கைவிட்டதும் அந்த 1950இல்தான். தென் மாநிலங்கள் சிலவற்றில் அவ்வழக்கம் 1960களின் இறுதிவரை ஒழியவில்லை.

சென்ற ஆண்டு நாம் கூறியதை வீட்டுக்குச் சென்று பிள்ளைகளுக்கு எடுத்துரைத்த அன்பர்கள் இதனையும் அவர்களுக்குச் சொல்லிவிடும்படி வேண்டுகிறோம்.