தங்கையின் மரணம்... அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி பிறந்த கதை தெரியுமா?

தங்கைக்கு சீதபேதின்னு நினைச்சுதான் மருந்து கொடுத்தாங்க. மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் நடந்த அந்த மரணம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை கடைசிவரை விடவே இல்லை.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். 1927-ல் சட்டமன்றம், தேவதாசி முறை ஒழிப்பு... இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேன்சர்னாலே சாவுதான் என்றிருந்த காலத்தில், அதற்கென தனி மருத்துவமனை கேட்டு அவர் பல வருஷம் அலைந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி துணை நின்றார்.

அடுத்த சில ஆண்டுகளில் கனடாவிலிருந்து வந்தது இந்தியாவின் முதல் கோபால்ட்-60 கருவி. அதில் என்ன விசேஷம்? பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தோலைப் புண்ணாக்கும், ஆழத்துக்குப் போவதற்குள் வலுவிழக்கும். கோபால்ட் கதிரோ முதுகெலும்பு வரை எட்டும். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியைக் கதிர் கொடுத்துச் சுருக்கினால் வலி குறையும். நேரத்தோடு செய்தால் கால் செயலிழப்பதையும் பல நேரம் தடுக்கலாம்.

முத்துலட்சுமி 1968-ல், 81 வயதில் காலமானார். நாட்டின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டர் கதிர்வீச்சுக் கருவி 1976-ல் வந்து இறங்கியதும் அதே அடையாறில்தான்.