இரண்டாவது பெயர்க்காரர் – டாக்டர் சுப்பாராவ்

வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் நமக்கு நீல மாத்திரை தருவாங்க இல்லையா? சிலர் அதை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, வெளியே போய்த் துப்புவது எனக்குத் தெரியும். (பேர் சொல்ல மாட்டேன்!) அந்த மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோ கிராம் போலிக் அமிலமும் இருக்கு. அந்தப் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், நம்ம சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இவர் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். அது அப்போ சென்னை மாகாணம், இப்போ ஆந்திரா. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை பெயில்! மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர்த் துணியில் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டம்தான் கிடைத்தது.

அவருடைய உடன்பிறந்தவர் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் இறந்துபோனார். அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கணும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1922-ல் அமெரிக்கா போனார். போஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலையாளாக இருந்து, நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவிக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவர்களுக்குப் பிறந்த ஒரே மகனும் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். அவர் பெரிய விஞ்ஞானிதான், ஆனாலும் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த அம்மாவை நினைத்துத்தான் அழுகை வந்தது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு என்று அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அமிலத்தோடு மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்து, இன்னொரு மருந்தையும் விட்டால் கரைசல் நீலமாகிவிடும். பாஸ்பரஸ் அதிகம் என்றால் நீலம் அடர்த்தி, குறைவு என்றால் வெளிர் நீலம். அவ்வளவுதான்! எங்க மாமா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கழிவுநீர் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். கார் பாடியை பெயிண்ட் அடிக்கும் முன்னே பாஸ்பேட் கரைசலில் முக்குவாங்களாம். அந்தத் தண்ணீரை வெளியே விடும் முன் அவங்களும் நீல நிறம் வைத்துத்தான் சோதிப்பாங்களாம். மருந்துகள் கொஞ்சம் மாறியிருக்கு, வழி அதே வழிதான்.

இந்த முறையைச் சொல்லும் கட்டுரை 1925-ல் வந்தது. விஞ்ஞானிகள் கட்டுரை எழுதினால், யாருடைய முறையை எடுத்தோம் என்று கடைசியில் குறிப்பிடணும். அதற்கு மேற்கோள் என்று பேர். பாஸ்பரஸை அளந்த ஒவ்வொருவரும் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். 1964-ல் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் எந்தக் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று எண்ணி அட்டவணையாக வெளியிட ஆரம்பித்தார். உலகத்திலேயே அதிகமாகக் குறிப்பிடப்பட்ட கட்டுரைகளின் முன்வரிசையில் இதுவும் இருந்தது. ஆயிரக்கணக்கான மேற்கோள்! ஆனால் அதைப் பார்க்க சுப்பாராவ் உயிரோடு இல்லை.

அந்தக் கட்டுரையில் முதல் பேர் ஃபிஸ்க், இரண்டாவது பேர்தான் சுப்பாராவ். 1929-ல் நம்ம உடம்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை இவர்கள் கண்டுபிடித்தபோதும் அதே வரிசைதான். (ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே வருஷம் தனியாகக் கண்டுபிடித்தார்.) ஒரு முறை கண்காட்சிக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து மாடல் செய்தோம். சீட்டில் இரண்டு பேர் பேர்தான் எழுதியிருந்தது. நான் மூணு நாள் யாரோடும் பேசவில்லை. இவர் எப்படித்தான் பொறுத்தாரோ!

ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். போலிக் அமிலத்தின் அமைப்பைச் சொல்லும் 1946-ம் வருஷக் கட்டுரையில் மொத்தம் 16 பேர், அதில் இவரும் ஒருவர். அந்தப் போலிக் அமிலம் ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தானது. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக மாத்திரை கொடுத்தாங்க என்று எங்க அம்மா சொல்லுவாங்க, அதுவும் இவர் குழு 1947-ல் வெளியிட்ட மருந்துதான்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அப்போ மருந்தே கிடையாது. போலிக் அமிலத்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தை இவர் குழு தயாரித்துக் கொடுத்தது. போஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குக் கொஞ்ச காலமாவது குணம் தெரிந்தது. 1948-ல் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து பேர். அதில் சுப்பாராவ் பேர் இரண்டாவதாகக்கூட இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் நம் நாட்டில் இவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். ஒரு பூஞ்சைக்கும் சுப்பரோமைசிஸ் என்று இவர் பேர் வைத்திருக்கிறார்கள். பூஞ்சையில் மட்டும் இவர் பேர்தான் முதலில் வருது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி