ஒளியிழந்த கண்களும் உருண்டைத் துளிகளும்

குழாயைச் சிறிதே திறந்தால், தண்ணீர் நூல்போல் இறங்கிச் சற்றுக் கீழே துளித்துளியாக உடைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அது ஏன் என்று ஆராய்ந்து சொன்னவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாத்தோ. அதை ஆராய்ந்தபோது அவருக்குக் கண்பார்வை இல்லை!

1801இல் பிரசல்ஸ் நகரில், மலரோவியம் தீட்டும் ஓவியரின் மகனாகப் பிறந்தார் பிளாத்தோ. இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். 1832இல் சுழலும் வட்டத்தட்டு ஒன்றில் படங்களை நகரச் செய்து, திரைப்படக் கலைக்கு வித்திட்டார். 1835 முதல் கெண்ட் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி ஆற்றினார்.

1829இல் அவர் ஓர் ஆய்வுக்காகக் கதிரவனை வெறுங்கண்ணால் உற்று நோக்கியதுண்டு. தம் பார்வை கெட அதுவே காரணம் என்று நம்பினார். கண்ணில் ஏற்பட்ட அழற்சி நோயே காரணமாகலாம் என்பர் பிற்கால மருத்துவர். எதுவாயினும், 1843இல் உலகம் அவருக்கு முற்றும் இருண்டது. மகன் பெலிக்ஸ் அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

பிளாத்தோ ஓய்ந்துவிடவில்லை. என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்வார்; நண்பர்களும், பின்னாளில் மகனும் மருமகனும் செய்து, கண்டதைக் கண்டபடியே உரைப்பார்கள். சாராயமும் நீரும் அளவாகக் கலந்த கலவையில் ஆலிவ் எண்ணெய் மிதக்காமலும் மூழ்காமலும் அழகிய உருண்டையாக நின்றது. அதே எண்ணெயை இரு கம்பி வளையங்களுக்கிடையே உருளையாக நிறுத்தினர். உருளையின் நீளம் அதன் சுற்றளவை மிஞ்சியதும் அது நிலைகுலைந்து உடைந்தது. நீர்த்தாரை துளிகளாவதும் இவ்வாறே என்று பிளாத்தோ விளக்கினார். 1873இல் இவ்வாய்வுகள் இரு பாகங்கள் கொண்ட நூலாயின. பின்னர் ராலே பிரபு இதற்குக் கணித விளக்கம் அளித்தார்.

இவ்வுண்மை இன்று தொழிற்சாலைகளிலும் பயன்படுகிறது. பாலிமராக மாறக்கூடிய திரவத்தை நுண்துளை வழியே நீருக்குள் தாரையாகச் செலுத்தி, அதனைச் சீராக அதிரச் செய்கிறார்கள். தாரை ஒரே அளவுத் துளிகளாகப் பிரிகிறது. பின்பு அவற்றைச் சூடாக்க, துளிகள் கெட்டியான மணிகளாகின்றன. இத்தகைய மணிகள் கடின நீரை மென்னீராக்க உதவுகின்றன.

1883இல் கெண்ட் நகரில் பிளாத்தோ கண்மூடினார். நாற்பது ஆண்டுகள் அவர் பிறர் கண்களால் பார்த்தார். கேள்வி அவருடையது, பார்வை அவர்களுடையது. அவர்கள் ஒருமுறை கண்டதைத் திரித்துக் கூறியிருந்தாலும் அவர் உழைப்பு பாழாகியிருக்கும். தோழியரே, இறைவன் நமக்குத் தந்த கண்களை, அவை இல்லாதோர்க்கும் உண்மையோடு பயன்படுத்துவோமாக!