ஊசி வைத்தியம் கொண்டு வந்த கல்கத்தா டாக்டர்

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஆஸ்பத்திரி வாசம் கண்டவர்களுக்கு இது தெரியும். ஆபரேஷன் நல்லபடி முடிந்திருக்கும். மயக்கம் தெளிந்ததும் குமட்டும், வாந்தி வரும். தையல் போட்ட வயிறு குலுங்கும்போது உயிர் போய் உயிர் வரும்.

இதற்கு மருந்து இருக்கிறது. சீனர்களோ மணிக்கட்டில் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே இருக்கிறது அது. அங்கே மெல்லிய ஊசியைச் செருகினால் குமட்டல் தணியும் என்பது அவர்களுடைய பழைய வைத்தியம். அதற்கு அக்குபங்சர் என்று பெயர்.

அந்த வைத்தியத்தை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு.

யுத்த பூமியில்

1938-ம் ஆண்டு. சீனாவுக்குள் ஜப்பானியப் படை புகுந்திருந்தது. காயம் பட்டவர்களைக் கவனிக்க டாக்டர்கள் போதவில்லை. காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ்.

ஐவரில் பாசு ஒருவர். சோலாப்பூர் கோட்னிஸ் இன்னொருவர். கோட்னிஸ் ஊர் திரும்பவே இல்லை. 1942-ல் சீன மண்ணிலேயே மாண்டார். வயது 32தான். பாசு மறு வருஷம் தாய்நாடு திரும்பினார்.

மறுபடியும் மாணவர்

1958-ல் பாசு மீண்டும் சீனா போனார். இங்கிலீஷ் வைத்தியம் படித்துத் தேர்ந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். இருந்தும் மாணவனைப்போல் உட்கார்ந்து ஊசி குத்தக் கற்றுக்கொண்டார். அதற்கு ஒரு மனசு வேண்டும்! 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார்.

மூன்றே வருஷத்தில் சீனாவுடன் சண்டை மூண்டது. சீனா என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த காலம் அது. பாசு தம் வைத்தியத்தைக் கைவிடவில்லை. பின்னாளில் கோட்னிஸ் பெயரால் அமைந்த நினைவுக் குழுவின் மூலம் பலருக்கு அதைக் கற்றுக் கொடுத்தார்.

1986-ல் அவர் காலமானார். அதே ஆண்டில் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில், டண்டி என்ற மயக்க மருந்து நிபுணர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஆபரேஷனுக்கு முன்பு மணிக்கட்டில் அந்த இடத்தில் ஊசி குத்தப்பட்ட பெண்களுக்கு வாந்தி குறைந்திருந்தது. பிறகு பல நாடுகளில் சோதித்தார்கள். எல்லோருக்கும் நின்றுவிடுவதில்லை, பலருக்குக் குறைகிறது. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு அந்த இடத்தை அழுத்தும் கைப்பட்டையும் உண்டு. எப்படித் தணிகிறது என்பதுதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

1996-ல் மேற்கு வங்காள அரசு இந்த வைத்தியத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. பாசு மறைந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.