மைக்கேல் பரடே: புத்தகம் கட்டிய மேதை

மின்தேக்கிகள் பல இணைந்த சுற்றைக் கண்டதும் நம் மாணவர் சமன்பாட்டைத் தேடுவர். அச்சமன்பாட்டிற்கு வழிகோலிய அறிஞரோ கணிதத்தை முறையாகக் கல்லாதவர்.

மைக்கேல் பரடே 1791 செப்டம்பர் 22 ஆம் நாள், இலண்டன் அருகே ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்தும் வாசிப்பும் சிறிது எண்ணும் கற்றதோடு அவரது பள்ளி வாழ்வு முடிவுற்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தவர், கட்டுவதற்கு வந்த நூல்களை ஓய்வு நேரத்தில் படித்தார். 1812 இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ரோயல் நிறுவனத்தில் உதவியாளரானார். 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப் புகழ் எய்தினார்.

மின்விசை இடைவெளியைத் தாண்டி நேரே பாய்கின்றது, இடையிலுள்ள பொருளுக்கு அதில் பங்கில்லை என்றே அக்கால அறிஞர் பலர் எண்ணினர். பரடே இதனை ஐயுற்றார். 1837 இல், உலோகக் கோளத்தினுள் சிறு கோளம் அமைந்த, ஒத்த இரு மின்தேக்கிகளைச் செய்தார். ஒன்றிற்கு மின்னேற்றம் அளித்து, மற்றதனுடன் இணைத்தார். இரண்டிலும் காற்றே இருந்தபோது மின்னேற்றம் சரிபாதியாகப் பிரிந்தது; மின்னழுத்தமும் பாதியாயிற்று. இரண்டாவதில் அரக்கை வைத்து மீண்டும் இணைத்தபோது, மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. அரக்குள்ள தேக்கி மிகுதியான பங்கைப் பெற்றுவிட்டது! இடைப்பொருளே கொள்ளளவை மாற்றுகிறது என்பது புலனாயிற்று.

இன்று நாம் செய்யும் கணக்கும் இதுவே. 300 வோல்ட் ஏற்றிய 1 மைக்ரோபரட் தேக்கியை, ஏற்றமில்லாத 2 மைக்ரோபரட் தேக்கியுடன் இணைப்போம். மொத்த மின்னேற்றமாகிய 300 மைக்ரோகூலோம் குன்றாது. மொத்தக் கொள்ளளவு 3 மைக்ரோபரட். ஆகவே பொது மின்னழுத்தம் 100 வோல்ட். பங்குகள் முறையே 100, 200 மைக்ரோகூலோம்.

சமன்பாடற்ற அவரது கருத்துகளை ஏற்க அறிஞர் பலர் தயங்கினர். பின்னர் மக்ஸ்வெல் அவற்றிற்குக் கணித வடிவம் தந்தார். பரடேயோ விருதை நாடவில்லை; 'சேர்' பட்டத்தையும் மறுத்தார். சிறுவர்க்கான நத்தார்க் கால விரிவுரைகளை ஆண்டுகள் பல நிகழ்த்தி மகிழ்ந்தார். 1867 ஆகஸ்ட் 25 இல் மறைந்தார். 1881 இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மகாநாடு, கொள்ளளவின் அலகிற்கு அவர் பெயரால் 'பரட்' என்பதை ஏற்றது.

மாணவச் செல்வங்களே, சமன்பாட்டை எழுதுமுன் மின்னேற்றம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று ஒருகணம் சிந்தியுங்கள். பரடே சென்ற வழி அதுவே.